ரதத்துக்குப் பின்னால் வரும் எஞ்சின்

வெள்ளிக்கிழமை மறுபடியும் பெரிய காற்று வரும் என்று வானிலை அறிவிப்பு சொன்னது. பிலிப்பைன்ஸ் பக்கம் ஒரு சூறாவளி கரையேறியிருந்தது. மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்துக்குச் சூறாவளி வருவதில்லை. அது இழுத்துவிடும் காற்றுதான் வரும். போன முறை அந்தக் காற்றுக்கே குரூண் சாலையில் மரங்கள் மின்கம்பிமேல் விழுந்து, எங்கள் திகாம் பத்து ஊரே இரண்டு நாள் இருட்டில் கிடந்தது.

அந்த இரண்டு நாளும் என் மாமனார் உயிரோடு இருந்தது ஓர் ஆக்சிஜன் சிலிண்டரால். அது இப்போது காலி.

கொரோனா எங்கள் வீட்டில் நால்வருக்கும் ஒன்றாகத்தான் வந்தது. எனக்குக் காய்ச்சல். மாமிக்கு வாசனை தெரியாமல் போனது. மாமாவும் என் மனைவி தாராவும் ஒரே ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாமா திரும்பி வந்தார்.

தாராவை நேராக மின்சுடலைக்குக் கொண்டுபோனார்கள். நான் காருக்குள் உட்கார்ந்து பார்த்தேன். வண்டியின் பின்கதவு திறந்ததும் மூடியதும் தெரிந்தது. மாமிக்கு அதுவும் இல்லை. அவர் வீட்டில் அடைபட்டிருந்தார். ஐயரை அழைக்க முடியவில்லை. சொந்தக்காரர்கள் வர முடியவில்லை. அவர் மகளின் படத்தை ஹாலில் வைத்து ஒரு விளக்கை ஏற்றினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அதுவரை அது அணையக் கூடாது என்றார். அது யாழ்ப்பாணத்தார் வழக்கம். நான் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்களுக்குப் பதினாறில் கருமாதி முடிந்துவிடும். இரண்டைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்தும் இருக்கவில்லை. எண்ணெய் வாங்கிவந்து கொடுத்தேன்.

மாமாவின் நுரையீரல் பாதி தழும்பாகிவிட்டது என்றார்கள். வாடகைக்கு ஓர் ஆக்சிஜன் மெஷின் எடுத்தோம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்டு இருக்கும்வரை ஓடும். மெஷினைக் கொண்டுவந்தவர் ஒன்றை இரண்டு முறை சொன்னார். அது இருக்கும் அறையில் நெருப்பு கூடாது. சிகரெட், மெழுகுவர்த்தி, சாமி விளக்கு, எதுவும். அதனால் விளக்கு முன் ஹாலில். மாமா பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

நான் சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். கணக்குப் போடத் தெரியும். கார் பேட்டரியில் இன்வெர்ட்டர் மாட்டினால் மெஷின் ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதற்குமேல் காரும் கிளம்பாது. சிலிண்டர் கடைகளில் ஸ்டாக் இல்லை. எல்லாம் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாடகை ஜெனரேட்டர்களைக் கோழிப் பண்ணைக்காரர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். தஞ்சோங் டாவாயில் ஒரு மீன் வியாபாரி வைத்திருந்தார். போய்க் கேட்டேன். "கொடுத்துட்டா என் மீன் என்னாகும்?" என்றார். நியாயமான கேள்வி. திரும்பி வந்தேன். ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்க்க முடியுமா என்று போனில் கேட்டேன். மூச்சு விடுகிறாரா என்று கேட்டார்கள். விடுகிறார் என்றேன். அப்படியானால் வீடுதான் நல்லது என்றார்கள். அங்கே ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

வாளிகளில் தண்ணீர் பிடித்தேன். டார்ச்லைட்டுகளுக்குப் பேட்டரி மாற்றினேன். பெட்ரோல் நிலையத்தில் டின்னில் தரமாட்டேன் என்றார்கள். காரில் நிரப்பிவந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துக்கொண்டேன். எஞ்சின் இல்லாமலே பெட்ரோல் சேர்த்தேன். அப்போதுதான் தோட்டத்துக் கோவில் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு ஒரு ரதம் உண்டு. ரதம் முழுக்க விளக்கு. அந்த விளக்குகளுக்காக ஒரு ஜெனரேட்டர் எஞ்சினைச் சக்கர வண்டியில் வைத்து ரதத்துக்குப் பின்னாலேயே இழுத்து வருவார்கள். திருவிழா நின்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது. எஞ்சின் கோவில் கொட்டகையில்தான் இருக்கும்.

கோவில் தலைவர் இருளப்பன் என் அப்பாவின் சித்தி மகன். லாரி வைத்திருக்கிறார். அவர் வீட்டுக் கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். இந்தப் பக்கம் நான்.

"எஞ்சின் சும்மாதான் கெடக்கு. எடுத்துக்க. யாரு வேணாங்கறா" என்றார்.

"நாளைக்கே வேணும் சித்தப்பா."

"கொண்டாந்து எறக்கறேன். என்னோட லாரிதான." முகக்கவசத்தைத் தாடைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆனா ஒண்ணு. கருமாதி முடிஞ்சிருச்சா?"

நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தப்பா எடுத்துக்காத. அது அம்மன் பின்னால வர்ற எஞ்சின்பா. தீட்டு வீட்டுக்குப் போயிட்டு வந்துச்சுன்னு தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டானுங்க. அந்த வருஷம் ரதத்துல டயரு பங்க்சர் ஆனதுக்கே, தலைவரு கறி தின்னுட்டு வந்துட்டாருன்னு சொன்னானுங்கல்ல."

"தின்னீங்களா?"

"அது வேற கதைலா."

"அவங்க வீட்ல முப்பத்தொண்ணு சித்தப்பா. இன்னும் நாள் இருக்கு."

"அவங்க வழக்கம் அவங்களுக்கு. நீ தாலி கட்டுனப்பவே அந்தப் பொண்ணு நம்ம வீட்டுப் பொண்ணு. நமக்குப் பதினாறு. அதான் தாண்டிருச்சே. செஞ்சியா இல்லியா?"

"செஞ்சாச்சு."

"ஐயிரு யாரு வந்தா?"

"வீடியோ கால்ல."

"ம். இப்ப எல்லாம் அப்படித்தான் ஆயிப்போச்சு. வெளக்கையும் எடுத்துட்டீங்கல்ல?"

"எடுத்தாச்சு."

பொய் சொல்வதற்குச் சிரமமே இருக்கவில்லை. கொஞ்ச நாளாக எதுவும் எனக்குச் சிரமமாக இல்லை.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். மாமியின் பெயர் கமலாம்பிகை. ஓய்வு பெற்ற ஆசிரியை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப பொய் சொல்லிப்போட்டு வந்திருக்கிறீங்கள்" என்றார்.

"ஆமா மாமி."

"அந்தாள் வந்து பாத்தால்?"

"பாத்தா திருப்பிக் கொண்டுபோயிருவார்."

படத்தின் பக்கம் திரும்பினார். விளக்கில் எண்ணெய் போதுமாக இருந்தது. இருந்தும் கொஞ்சம் விட்டார்.

"அணைக்கமாட்டன் தம்பி. அதை மட்டும் கேக்காதையுங்கோ. நடு அறையில கொண்டுபோய் வைக்கிறன். அவை போன பிறகு திரும்ப வைப்பம்."

நான் சரி என்றேன். பின்னறையிலிருந்து மாமா கூப்பிட்டார். ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். பெயர் லோகேந்திரன். ஒரு வாக்கியத்தை இப்போது இரண்டு மூன்று துண்டாகத்தான் அவரால் பேச முடிந்தது.

"என்ன ரெண்டு பேரும்... கூட்டம் போடுறியள்?"

மாமி விஷயத்தைச் சொன்னார்.

"தேர் எஞ்சினோ?" மூச்சு வாங்கினார். "அப்ப எனக்கு முன்னால... மேளமும் வருமோ?"

"வாயை மூடுங்கோ" என்றார் மாமி.

எங்கள் கல்யாணத்தின்போது அவர்கள் இருவரும் அந்தக் கோவிலுக்கு வரவில்லை. பதிவுக்கும் விருந்துக்கும் வந்தார்கள். அங்கே சத்தம் அதிகம், தலைவலி வரும் என்று தாராவிடம் சொல்லி அனுப்பினார்கள். தாரா மட்டும் வருஷா வருஷம் திருவிழாவுக்கு வருவாள்.

வெள்ளிக்கிழமை மதியம் லாரி வந்தது. ஜெராய் மலை பாதிக்குமேல் தெரியவில்லை. காற்று இன்னும் எழவில்லை. இருளப்பன் சித்தப்பா முன்னால் இறங்கினார். பின்னால் கோவிலில் வேலை பார்க்கும் இருவர் எஞ்சினை இறக்கினார்கள். நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியது. எஞ்சின்மேல் குங்குமப் பொட்டு. காய்ந்த மாலை ஒன்று கைப்பிடியில் ஒட்டியிருந்தது.

எங்களுடையது வரிசை வீடு. இரண்டு பக்கமும் சுவர். பின்கட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஹால் வழியாக, அடுப்படி வழியாகத்தான் போக வேண்டும். ஹாலில் தாராவின் படம் மட்டும் இருந்தது. விளக்கு இருந்த இடத்தை மாமி துடைத்துவிட்டிருந்தார். சித்தப்பா அதைப் பார்த்தார். படத்தைக் கும்பிட்டார். பிறகு லாரிக்குப் போய் ஒரு செம்பை எடுத்துவந்தார். மஞ்சள் தண்ணீர், வேப்பிலை.

"எஞ்சின் உள்ள போறதுக்கு முன்னாடி தெளிச்சிருவோம். எல்லா ரூமுக்கும்."

"நாங்களே தெளிச்சிக்கறோம் சித்தப்பா."

"நீ தெளிச்சா அது உன் வீட்டுக்கு. நான் தெளிச்சா கோவிலுக்கு. நாளைக்கு எவனாவது கேட்டா நான் சொல்லணும்ல?"

ஹாலில் தெளித்தார். எங்கள் அறையில் தெளித்தார். தாராவின் உடைகள் தொங்கிய கம்பிமேலும் தண்ணீர் விழுந்தது. நான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"மாமா இருக்கற பின்னறை வேணாம் சித்தப்பா."

"அங்க நான் ஏன்யா போறேன். எனக்குச் சுகர் இருக்கு. இந்த ரூம்பு?"

நடு அறை. நான்தான் முதலில் போய்க் கதவைத் திறந்தேன். எவ்வளவு மெதுவாகத் திறக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக. அறை காலி. தரையில் வட்டமாக எண்ணெய்த் தடம் மட்டும் இருந்தது. நான் அதன்மேல் நின்றுகொண்டேன். சித்தப்பா தெளித்துவிட்டு வெளியே போனார்.

மாமி கடைசியில் அணைத்துவிட்டார் என்று நினைத்தேன். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. மாமாவோடு இருக்கிறார் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். தட்டிக் கேட்கவில்லை. கேட்டால் சித்தப்பாவின் காதில் விழும்.

"சம்மந்தியம்மா வெளிய வரமாட்டாங்களா?" என்றார் அவர்.

"மாமா பக்கத்துல இருக்காங்க."

"சரி சரி. இருக்கட்டும்."

எஞ்சினைப் பின்கட்டில் நிறுத்தினார்கள். கயிற்றை இழுத்தார்கள். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார்கள். பிளக்கைக் கழற்றி மணல்தாளில் தேய்த்து ஊதி மாட்டினார்கள்.

"ரெண்டு வருஷமா அம்மனே வெளிய வரல. எஞ்சின் மட்டும் வந்துருமா தலைவரே?" என்றார் ஒருவர்.

"வாய மூடிட்டு இழு."

"வாரத்துக்கு ஒருக்கா ஓட்டி வைக்கிறேன்னு கமிட்டியில சொன்னீங்களே."

"சொன்னேன்லா. ஓட்டினேன்னு சொன்னேனா?"

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். சித்தப்பா என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றினேன். நானே கயிற்றை வாங்கி இழுத்தேன். கடைசியில் பிடித்துக்கொண்டது. சுவருக்குச் சுவர் மோதி அந்தச் சத்தம் அடுப்படிப் பாத்திரங்களை அதிர வைத்தது.

"கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்று சித்தப்பா என் காதருகே கத்தினார். "சூடாகாம நிப்பாட்டுனா ராத்திரி உனக்கு மக்கர் பண்ணும்."

நாங்கள் நின்றோம். எண்ணெய் எங்கே பார்ப்பது, சோக் எப்போது தள்ளுவது என்று காட்டினார். எனக்குத் தெரிந்ததுதான். தலையாட்டினேன். பிறகு அவர் சொன்னார்.

"நல்ல பொண்ணுடா. தண்ணிப் பந்தல்ல நாள் முழுக்க நிக்கும். அவங்க ஆளுங்கன்னு ஒரு பிகு கெடையாது."

"ஆமா சித்தப்பா."

"நீ சாப்பிடறியா?"

"சாப்பிடறேன்."

எங்கள் வீட்டில் ஆக்சிஜன் மெஷினின் உறுமல் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். எஞ்சின் ஓடும்போது அது கேட்காது. கேட்கவில்லை என்பதை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சரி, லோடு போட்டுப் பாத்துருவோம். அந்த மெஷின்ல மாட்டு" என்றார் சித்தப்பா. நீட்டு வயரை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். அவர் அடுப்படி வாசலில் நின்றார். அங்கிருந்து நடு அறையும் ஹாலும் அவருக்குத் தெரியும்.

பின்னறைக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து சாத்தினேன்.

திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். தரையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. மெஷின் ஓடவில்லை. குழாயைச் சுருட்டி அதன்மேல் வைத்திருந்தார்கள். மாமா கட்டிலின் ஓரத்தில் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. மாமி ஒரு கையால் அவர் முதுகைப் பிடித்திருந்தார். இன்னொரு கை சுடருக்கு மறைப்பாக இருந்தது.

"அந்தாள் போயிட்டுதோ?" என்று கேட்டார்.

"எவ்வளவு நேரமா மாமி?"

"அறை அறையாத் தண்ணி தெளிக்கிறார் எண்டு கேட்டுது. வேற இடம் இல்லை. நெருப்பும் இதுவும் கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். இவர்தான் நிப்பாட்டச் சொன்னவர். கொஞ்ச நேரம்தானே எண்டவர்."

மாமா தலையைத் தூக்கினார். உதடுகள் சாம்பல் நிறம். ஏதோ சொல்லப் பார்த்தார். சத்தம் வரவில்லை. வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் மீட்டரை மாட்டினேன். முதல் இலக்கம் ஐந்து. ஒன்பதாக இருக்க வேண்டியது.

மெஷினைப் போட வேண்டும். அதற்கு முன் விளக்கு இங்கே இருக்கக் கூடாது. வெளியே எடுத்துப் போனால் சித்தப்பா பார்ப்பார். எஞ்சின் லாரியில் ஏறும். இரவு கரண்டு போகும். ஜன்னலுக்கு வெளியேயும் அந்த ஆட்கள்தான் நின்றார்கள்.

நான் குனிந்தேன்.

"தம்பி" என்றார் மாமி.

வாயால் ஊதக் கூடாது என்று எனக்குத் தெரியும். திரியை விரலால் எண்ணெய்க்குள் அழுத்தினேன். சுட்டது. புகை எழுந்தது. விளக்கை அறையின் அந்த மூலைக்குத் தள்ளி ஈரத்துண்டைப் போட்டு மூடினேன். மெஷினைப் போட்டேன். குழாயை மாமாவின் மூக்கில் மாட்டிவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டேன்.

மாமியின் கை, சுடர் இருந்த இடத்தைச் சுற்றி அப்படியே வளைந்திருந்தது.

"என்னப்பா, ஓடுதா?" என்று வெளியிலிருந்து சித்தப்பா கத்தினார்.

"ஓடுது சித்தப்பா."

அவர்கள் போகும்போது முதல் காற்று வந்துவிட்டது. சித்தப்பா லாரியில் ஏறி ஜன்னல் வழியாகச் சொன்னார். "காத்து நின்னதும் போன் அடி. ஒண்ணும் அவசரம் இல்ல. பெரியவரு நல்லாகட்டும்."

பொழுது சாய்வதற்குள் கரண்டு போனது. நான் எஞ்சின் கயிற்றை இழுத்தேன். உடனே பிடித்தது. பக்கத்து வீட்டுக் கூரைத் தகரம் ஒன்று எங்கள் பின்சுவரில் வந்து விழுந்தது. நான் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பெட்ரோல் ஊற்ற நிறுத்தும்போதெல்லாம் மெஷினைக் கார் பேட்டரிக்கு மாற்றினேன். ஊற்றினேன். திரும்ப மாற்றினேன். அதற்கு மூளை தேவைப்படவில்லை.

விடிந்தபோது தெரு முழுக்கக் கிளைகள். லெட்ரிக் ஆபீசுக்குப் போன் போகவில்லை. எதிர்வீட்டுக்காரர் கடைத்தெருவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். போன முறையைவிட மோசம், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

மாமா இருந்தார். மீட்டரில் எண் ஏறியிருந்தது. முன்பு இருந்த இடத்துக்கு ஏறவில்லை. உட்கார முடியவில்லை. எட்டிக் குவளையைப் பிடிக்க முடியவில்லை. மாமி கரண்டியால் கஞ்சி கொடுத்தார்.

நான் அடுப்படியில் மாமியிடம் சொன்னேன். "சித்தப்பா இனிமே வரமாட்டார். ஹால்ல மறுபடி ஏத்திருங்க மாமி."

அவர் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீரைச் சிக்கனமாக மொண்டார்.

"இனிக் கொளுத்தினால் அது வேற விளக்கு" என்றார். பிறகு, "பெட்ரோல் காணுமோ?" என்றார்.

"நாளைவரைக்கும் வரும்."

"பிறகு?"

"பாக்கறேன்."

அவர் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனார். கோபம் என்று சொல்ல முடியாது. கோபப்படுவதற்கு அவர் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

மதியம்போல் நான் மீட்டரைப் பார்ப்பதற்காகப் பின்னறைக்குப் போனேன். கைகளில் பெட்ரோல் நாற்றம் இருந்ததால் வாசலிலேயே நின்றேன். மாமா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. மாமியைத் தேடினார்.

"விளக்கை... எங்க வச்சிருக்கிறீர்?"

"ஹாலிலதான். வேற எங்க."

"எரியுதோ?"

மாமி அவருடைய மூக்குக் குழாயைச் சரிசெய்தார். காதுக்குப் பின்னால் வார் அழுத்திய இடத்தில் பஞ்சு வைத்தார்.

"எரியுது" என்றார்.

"வெளிச்சம் தெரியேல்லை."

"கதவு சாத்தியிருக்கு. நீங்கள் கதைக்காதையுங்கோ. மூச்சை எடுங்கோ."

கதவு திறந்துதான் இருந்தது. அந்த வாசலில்தான் நான் நின்றிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை எடுத்தார். விட்டார். மறுபடி எடுத்தார். பின்கட்டில் எஞ்சினின் சத்தம் கொஞ்சம் இறங்கியது. பெட்ரோல் குறையும்போது அப்படித்தான் இறங்கும். நான் டின்னை எடுத்துக்கொண்டு போனேன்.